பதினைந்து வயதுக் கார்: எஃப்.சி. காட்டுவதா, விற்பதா, உடைக்கப் போடுவதா?

கொஞ்ச நாளாக ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்கள். கொளத்தூரில் இருக்கும் சித்தி மகனுக்கு 2010 மாடல் சின்ன பெட்ரோல் கார், ஆர்.சி. எனும் பதிவுச் சான்றின் காலம் முடிந்துவிட்டது. கோவை நண்பருக்கு 2011 டீசல் செடான், வாரத்துக்கு ஒரு தடவையாவது பெங்களூரு போய்வருகிற வண்டி. மூன்றாமவர் தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கார் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர ஷெட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. மூன்று பேர் கேட்டதும் இதைத்தான்: "பேசாம உடைக்கப் போட்டுடலாமா, இல்ல எஃப்.சி. காட்டி ஓட்டலாமா?" எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ.வில் காட்டும் சோதனை.

எனக்கும் இது சொந்தப் பிரச்சினை. என்னிடம் இருப்பது 2009 சான்ட்ரோ, இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. 2024-ல் பதினைந்து முடிந்தபோது நானும் இதே குழப்பத்தில் இரண்டு மாதம் அலைந்தேன், பழைய உதிரிக் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டைக்கும் போனேன், அரசு அனுமதி பெற்ற உடைப்பு மையம் ஒன்றுக்கும் போனேன். அப்போது எழுதி வைத்த கணக்கைத்தான் இங்கே விரிக்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். "பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் ஓடக்கூடாது" என்று வாட்ஸாப்பில் சுற்றுவது டெல்லி, அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர வட்டாரத்துக்கான விஷயம். பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, 2025 முழுக்க இழுபறியாகக் கிடந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு வயதை மட்டும் வைத்துத் தடை கிடையாது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த பழைய வண்டி ஒழிப்புத் திட்டத்தின் பெயரிலேயே "தன்னார்வ" என்ற சொல் இருக்கிறது. வண்டி தேறினால் ஓட்டலாம். அரசு வண்டிகள் கதை வேறு, அவற்றுக்கு 2023 ஏப்ரலில் இருந்து 15 வருஷத்துக்கு மேல் பதிவு கிடையாது.

## எதை வைத்து முடிவு செய்வது

பணம் முதலில் வரும், அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு மொத்தமாகப் பாருங்கள், இன்றைக்குக் கையில் வரும் நோட்டை மட்டும் பார்க்காதீர்கள்.

இரண்டாவது காகிதம். அந்த வண்டி நாளைக்கு எங்கேயாவது ஆளை இடித்தால் யார் பேருக்கு நோட்டீஸ் வரும்? இதை முதலில் யோசிக்கிறவர் குறைவு, அதில்தான் பெரிய அடி விழுகிறது.

மூன்றாவது, வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர். என்னைக் கேட்டால் இதுதான் தலையாய கேள்வி. வண்டியின் வயதை எல்லோரும் கேட்கிறார்கள், ஓட்டத்தை யாரும் கேட்பதில்லை.

நான்காவது, வண்டிக்குள் இருக்கும் பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது. சுழற்சிப் பொருளாதாரம் என்று இப்போது கருத்தரங்கம் போட்டுப் பேசுவதன் சாரம் ரொம்ப எளிது: பழுது பார்த்து ஓட்டுவது முதல் படி, கழற்றிய உதிரியை இன்னொரு வண்டியில் மாட்டுவது இரண்டாம் படி, உருக்குவது கடைசிப் படி. நம் ஊரில் இதில் பாதியைப் பல தலைமுறையாகக் காயலான் கடைக்காரர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள், பட்டம் ஏதும் வாங்காமல்.

ஐந்தாவது அலைச்சல். வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் லீவும் செலவுதான்.

## வழி 1: எஃப்.சி. காட்டி வைத்து ஓட்டுவது

பதினைந்து முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி ரசீது. 2022 ஏப்ரலுக்கு முன் கட்டணம் 600 ரூபாய், இப்போது 5,000. வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டால் 10,000, இது 2025 ஆகஸ்டில் வந்த ஏற்றம். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் தண்டம், பைக்குக்கு 300. ஆக என் சான்ட்ரோவுக்கு 2029-ல் கணக்கு இன்னும் கசக்கும்.

கட்டணம் பெரிய விஷயமில்லை, அதற்கு முந்தைய தயாரிப்புதான் பணம் தின்னும். எனக்கு முன் டயர் இரண்டு, சைலன்சரில் ஓட்டை அடைப்பு, கதவுக்குக் கீழே துருப்பிடித்த இடத்தில் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று எல்லாம் சேர்த்து, கட்டணத்தோடு 23,000 ஆனது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஆய்வாளர் ஹாரன், வைப்பர், ஹெட்லைட், பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு, பானட்டைத் திறந்து சேசிஸ் எண்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொன்னார். எண் தெளிவாக விழவில்லை, துரு. உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்து மறுபடி எடுத்தோம். கடற்கரைப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே செய்துவிட்டுப் போவது நல்லது.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, 20% எத்தனால் கலந்த பெட்ரோல். இதைத் தாங்கும் பொருட்களோடு கார்கள் வர ஆரம்பித்ததே 2023 ஏப்ரலில்தான். பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் சாமான்கள் சீக்கிரம் போகும். என் மெக்கானிக் கழற்றிக் கொடுத்த பெட்ரோல் ஓஸை விரலால் அழுத்தினால் ஊறிப்போன வடை மாதிரி அமுங்கியது, உள்பக்கம் பிசுபிசுவென்று இருந்தது. "சார், இது ஒழுகினா நேரா சைலன்சர் மேலதான்" என்றார். ஓஸ் விலை சில நூறுதான். மாற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

இன்னொன்று பாதுகாப்பு. 2009-ன் சின்னக் கார்கள் பலவற்றில் ஏர்பேக்கும் கிடையாது, ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. ஊருக்குள் நாற்பதில் போகிறவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு நூறில் போகிறவர் இதைப் பணமாகக் கணக்குப் போட முடியாது.

சரி, புகை. இங்கேதான் கணக்கு எனக்கே ஆச்சரியம் தந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. என் வண்டி லிட்டருக்கு 14 கி.மீ. தருகிறது, அதே அளவுப் புதுக் கார் 20 தரும் என்று வைப்போம். நான் வருஷத்துக்கு 4,000 கி.மீ. ஓட்டுகிறேன். எனக்கு 286 லிட்டர், புதுக் காருக்கு 200. மிச்சம் 86 லிட்டர், அதாவது 200 கிலோ வாயு. ஆனால் அந்தப் புதுக் காரைச் செய்யவே எஃகு உருக்குவதில் தொடங்கி 5 டன் அளவுக்கு வாயு வெளியே போயிருக்கும். 200 கிலோ வீதம் அதை ஈடுகட்ட 25 வருஷம்! அதற்குள் அந்தப் புதுக் காரே காயலான் கடைக்குப் போயிருக்கும். இதையே வருஷத்துக்கு 20,000 கி.மீ. ஓட்டுகிறவருக்குப் போட்டுப் பாருங்கள், மிச்சம் வருஷத்துக்கு ஒரு டன், ஐந்தே வருஷத்தில் ஈடாகிவிடும். வண்டி அதேதான், விடை தலைகீழ்.

இது கரியமில வாயுக் கணக்கு மட்டும். மூச்சை அடைக்கும் புகைக்குக் கணக்கு வேறு. பெட்ரோல் காரில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பழைய பி.எஸ்.-3 புகை விதியில் கிலோமீட்டருக்கு 0.15 கிராம், இப்போதைய பி.எஸ்.-6-ல் 0.06. இரண்டரை மடங்கு. டீசலில் கரித்துகள் வரம்பு 0.05-ல் இருந்து 0.0045, பதினோரு மடங்குக்கு மேல். அதனால்தான் பழைய டீசலையும் பழைய பெட்ரோலையும் ஒரே தராசில் வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யாருக்கு ஏற்றது: பெட்ரோல் வண்டி, வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கி.மீ.க்குள் ஓட்டம், சேசிஸில் துரு இல்லை, நம்பகமான மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார். தஞ்சாவூர் ஆசிரியைக்கு நான் சொன்னது இதுதான்.

## வழி 2: வேறொருவருக்கு விற்பது

கையில் அதிகம் காசு வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆனால் 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியபின் புது வண்டி விலை குறைந்தது, அது பழைய வண்டி விலையையும் கீழே இழுத்துவிட்டது. பதினைந்து தாண்டிய காருக்குக் கடன் கிடைப்பதும் அரிது, அதனால் வாங்க வருகிறவர் ரொக்கக்காரர். ரொக்கக்காரர் பேரம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே.

பொருள் வீணாகவில்லை, வண்டி வண்டியாகவே ஓடுகிறது, அதனால் சுழற்சிக் கணக்கில் இது நல்ல வழி மாதிரித்தான் தெரியும். ஆனால் என்னிடம் வருஷம் 4,000 ஓடிய கார் கிராமத்தில் கல்யாணம், காதுகுத்து, வாடகை சவாரி என்று 15,000 ஓடினால் மேலே போட்ட கணக்கு புரண்டுவிடுகிறது. வாங்குகிறவர் பைக்கை விட்டுவிட்டு முதல் காராக இதை எடுக்கிறாரா, இல்லை இதைவிடப் பழைய ஒன்றைக் கழித்துக்கட்டிவிட்டு எடுக்கிறாரா என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. அதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது.

காகிதம் நம் கையில்தான். என் மாமா 2016-ல் தன் பழைய காரை ஒரு புரோக்கரிடம் கொடுத்தார். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயர் காலி. "நான் பாத்துக்கறேன் சார், பார்ட்டி ரெடியா இருக்கு." பார்ட்டி மாறி மாறி வண்டி மூன்று கை போனது, பேர் மட்டும் மாறவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் திண்டிவனம் பக்கம் ஒரு விபத்து, இன்ஷூரன்ஸ் எப்போதோ காலாவதி. மாமாவுக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தது. "வண்டி என்கிட்டயே இல்லையே" என்று அவர் சொன்னது எடுபடவில்லை. நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி.

அதனால் விற்பதென்றால் பேர் மாறிய ஆர்.சி. கண்ணில் படும்வரை ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்து வைப்பதெல்லாம் உதவாது, நீங்களே ஆன்லைனில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவதுதான் வழி. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. வெளி மாநிலத்துக்குப் போனால் படிவம் 28, தடையில்லாச் சான்று.

யாருக்கு ஏற்றது: வண்டி நல்ல நிலையில் இருக்கிறது, ஆர்.சி. இன்னும் உயிரோடு இருக்கிறது, வாங்குபவர் முகம் தெரிந்தவர். காலம் முடிந்த ஆர்.சி.யோடு விற்கப் பார்க்காதீர்கள், விலையும் போய்விடும், வம்பும் வரும்.

## வழி 3: காயலான் கடை

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், ஏனென்றால் எனக்குப் புதுப்பேட்டை பிடிக்கும்.

எழும்பூரில் இறங்கி, கூவம் நாற்றத்தைத் தாண்டி உள்ளே போனால் தெருவின் இரண்டு பக்கமும் கார் கதவுகள் புத்தகம் மாதிரி அடுக்கி நிற்கும். ஒரு கடையில் ஹெட்லைட் மட்டும், கம்பியில் கோத்து மாலை மாலையாகத் தொங்கும். அடுத்த கடையில் ஸ்டீயரிங் ராடு மட்டும். இன்னொன்றில் கியர் பாக்ஸ், தரையில் எண்ணெய் படிந்து கால் வழுக்கும். என் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி மோட்டார் போய்விட்டது, புதுசு நாலாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். இங்கே கடைப் பையனிடம் மாடல் சொன்னேன். "என்ன இயரு அண்ணே? பழைய மாடலா, ஜிங்கா?" என்று கேட்டுவிட்டு மாடிக்கு ஓடினான், மூன்று நிமிஷத்தில் ஒன்றைக் கொண்டுவந்து பேட்டரியில் ஒயரைத் தொட்டு ஓட்டிக் காட்டினான். 900 சொன்னான், 600-க்கு முடிந்தது. கணினி கிடையாது, பார்கோடு கிடையாது. அந்த மாடியில் எந்த மூலையில் எந்த வருஷத்து மோட்டார் கிடக்கிறது என்பது அவன் தலைக்குள் இருக்கிறது.

ஐரோப்பியக் கம்பெனிகள் பெரிய முதலீடு போட்டு இப்போது கட்டுகிற உதிரி மறுபயன்பாட்டு அமைப்பு இதுதான். பழைய மோட்டார் மோட்டாராகவே இன்னொரு வண்டிக்குப் போகிறது, உருக்கவில்லை, புதிதாகச் செய்யவில்லை. மதிப்பு கொஞ்சமும் கரையாமல் சுற்றில் திரும்புகிறது. அந்த விஷயத்தில் எந்த நவீன மையமும் புதுப்பேட்டைக்குப் பக்கத்தில் வர முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு காரில் மூன்று, நாலு லிட்டர் என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டர் நீர், பேட்டரியில் ஈயமும் அமிலமும், ஏ.சி.யில் ஆர்-134ஏ வாயு. இந்த வாயு ஒரு கிலோ காற்றில் போனால் 1,300 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஒரு சின்னக் காரில் அரை கிலோ வாக்கில் இருக்கும். முறையான கருவி இல்லாத இடத்தில் குழாயை வெட்டினால் "புஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நான் ஒரு வருஷம் வண்டி ஓட்டி வெளியே விடும் புகையின் அளவு அந்த ஒரு வினாடியில் போகிறது. ஆயில் மண்ணுக்கு. பேட்டரிக்கும் சைலன்சரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் நல்ல விலை இருப்பதால் அவை வீணாவதில்லை. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் உள்ள சாமான் அது. விலையில்லாத கழிவுதான் தரையில் தங்குகிறது. அதைக் கையுறை இல்லாமல் அள்ளுகிறவர்களும் மனிதர்கள்தான்.

அப்புறம் காகிதம். உடைக்கக் கொடுத்த வண்டியின் ஆர்.சி.யை ரத்து செய்யாமல் விட்டால் உங்கள் எண்ணும் சேசிஸ் தகடும் இன்னொரு வண்டிக்குப் போகலாம். திருட்டு வண்டிக்குக் காகிதம் தேடுகிறவர்களுக்கு இது அல்வா. நிரந்தரமாக ஓடாத நிலைக்குப் போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு. 2021-க்குப் பிறகான விதிகளின்படி வண்டியை முழுதாக உடைக்கும் வேலைக்கே பதிவு பெற்ற மையம் வேண்டும். அங்கிருந்து வரும் சான்று இல்லாவிட்டால் வரிச் சலுகை எதுவும் கிடையாது.

யாருக்கு ஏற்றது: வண்டியைக் கொடுக்க அல்ல, உதிரி வாங்க. வழி 1-ல் ஓட்டிக்கொண்டிருப்பவருக்குக் காயலான் கடைதான் உயிர்நாடி. பிரேக், ஸ்டீயரிங், டயர் மட்டும் பழசு வேண்டாம், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

## வழி 4: பதிவு பெற்ற உடைப்பு மையம்

2021 செப்டம்பரில் வந்த விதிப்படி அனுமதி பெற்ற மையங்கள் இவை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, அங்கேயே விண்ணப்பிக்கலாம். நான் பார்த்துவரப் போன மையம் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய ஷெட். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் துளை போட்டு ஒவ்வொரு திரவத்தையும் தனித்தனிப் பீப்பாயில் வடித்தார்கள், ஏ.சி. வாயுவை ஒரு இயந்திரம் உறிஞ்சியது, பேட்டரி தனி மேடைக்குப் போனது. சேசிஸ் எண் இருக்கும் துண்டை வெட்டி, சீட்டுக் கட்டித் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்த எண் இனி எந்த வண்டியிலும் ஏறாது. மாமா நினைப்பு வந்தது.

வண்டியை ஒப்படைத்ததும் ஒப்படைப்புச் சான்று தருவார்கள், உடைத்து முடித்ததும் உடைப்புச் சான்று. முதல் சான்றில்தான் சலுகையெல்லாம் தொங்குகிறது. 6 லட்சம் ரூபாய் புதுக் காரை வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

பழைய வண்டிக்கு மையம் தருவது புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் இருக்கும் என்பது திட்டத்தின் மதிப்பீடு, அப்படிப் பார்த்தால் 24,000 முதல் 36,000. நடைமுறையில் அன்றைய இரும்பு விலையை வைத்து எடை போட்டுத்தான் சொல்கிறார்கள், என் வண்டிக்கு 22,000 சொன்னார்கள். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13%, அதாவது 78,000. சொந்த வண்டிக்கு 25% வரை வரித் தள்ளுபடி தரலாம் என்கிறது மத்திய விதி, முழுதாகக் கிடைத்தால் 19,500. "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள், மாநிலம் தருவதுதான் கணக்கு, முன்பணம் கட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிடுங்கள். புது வண்டிப் பதிவுக் கட்டணமும் தள்ளுபடி, அது 600 ரூபாய்தான். கார் கம்பெனிகள் 2024 ஆகஸ்டில் ஒப்புக்கொண்ட தள்ளுபடி விலையில் ஒன்றரை சதவீதம் அல்லது 20,000, எது குறைவோ அது. நம் கணக்கில் 9,000. அதையும் காலவரம்பு போட்டுத்தான் அறிவித்தார்கள், அதனால் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாம் கூடி வந்தால் ஐம்பதாயிரத்துக்குப் பக்கம். ஆனால் இதில் பாதிக்கு மேல் புதுக் கார் வாங்கினால்தான் உங்களுக்கு. வாங்கப் போவதில்லை என்றால் ஒப்படைப்புச் சான்றையே இன்னொருவருக்கு விற்கலாம், அதற்கு விதி இடம் தருகிறது.

மறைந்திருக்கும் விஷயம் ஒன்று. 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகளின்படி, 20 வருஷத்துக்கு முன்னால் விற்ற சொந்த உபயோக வண்டிகளில் போட்ட எஃகில் குறைந்தது 8 சதவீதத்தை மீட்டதாகக் கார் கம்பெனிகள் கணக்குக் காட்டியாக வேண்டும். 2030-31-ல் அது 13 ஆகும், 2035-36-ல் 18. அதற்கான சான்றுகளைக் கம்பெனிகள் இந்த மையங்களிடம்தான் வாங்க வேண்டும். அதாவது உங்கள் வண்டி மையத்துக்கு வெறும் இரும்பு விலை இல்லை, அதற்கு மேல் ஒரு வருமானம். ஆகவே ஒரே மையத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு, மூன்று இடத்தில் விலை கேளுங்கள், இழுத்து வரும் கூலி யார் தலையில் என்றும் கேளுங்கள்.

எனக்கு இருக்கும் ஒரு குறை: நான் பார்த்த இடத்தில் திரவம் வடித்தபின் வண்டி நேராக நசுக்கும் இயந்திரத்துக்குப் போனது. நல்ல கண்ணாடி, நல்ல மோட்டார், நல்ல சீட்டு எல்லாம் உள்ளேயே. அங்கே நின்றபோது அந்தப் புதுப்பேட்டைப் பையன் இதைப் பார்த்தால் அழுதுவிடுவான் என்று தோன்றியது. நசுக்கிய இரும்பில் ஒயர்களின் செம்பு கொஞ்சம் கலந்தே போகும், உருக்கும்போது அதைப் பிரிக்க வழியில்லை, செம்பு கலந்த எஃகில் கார் தகடு இழுக்க முடியாது. அதனால் அது பெரும்பாலும் கட்டடக் கம்பியாகிறது. கார் திரும்பவும் காராவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ல் இருந்தே காரின் எடையில் 95% மீட்கப்பட வேண்டும், 85% மறுபயன்பாடு அல்லது மறுசுழற்சியாக இருக்க வேண்டும் என்று விதி. அங்கேயும் இந்தச் செம்புத் தலைவலி தீரவில்லை.

யாருக்கு ஏற்றது: பழைய டீசல், ஓட்டம் அதிகம், எஃப்.சி. தேறாத வண்டி, விபத்தில் சேசிஸ் வளைந்தது, வாரிசு இல்லாமல் ஷெட்டில் கிடப்பது. கோவை நண்பருக்கு இதைத்தான் சொன்னேன், அவருக்குக் கோபம். "நல்லா ஓடிட்டு இருக்கற வண்டிய்யா!" நல்லாத்தான் ஓடுகிறது, பிரச்சினையே அது இவ்வளவு ஓடுவதுதான்.

## வழி 5: சி.என்.ஜி. அல்லது மின் கிட் மாட்டுவது

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சி.என்.ஜி. கிட் அரை லட்சத்துக்கு மேல், டிக்கி போய்விடும், சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை, ஆர்.சி.யில் மாற்றம் ஏற்ற வேண்டும். தினம் அறுபது, எழுபது கி.மீ. ஓடுகிறவருக்கு அது திரும்பி வரும், ஆனால் அவ்வளவு ஓடுகிறவர் பதினைந்து வயது வண்டியில் அந்தப் பணத்தைப் போடக்கூடாது. மின் கிட் சில லட்சம், அதுவும் உங்கள் மாடலுக்கு ஒப்புதல் வாங்கிய கிட் இருந்தால் மட்டும். நாற்பதாயிரம் பெறாத கூட்டுக்குள் நாலு லட்சம் பேட்டரி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரிய வண்டிகளுக்கு இந்த யோசனை நன்றாக வேலை செய்யும். நம் அரசுப் பேருந்துகளில் சேசிஸ் நல்லாயிருந்தவற்றுக்குப் புதுக் கூடு கட்டி, மஞ்சள் அடித்து, 2023 ஆகஸ்டில் முதல் நூறை விட்டார்களே, அதுவும் மறுவாழ்வுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | காகித ஆபத்து | பொருள் போகுமிடம் | அலைச்சல் |
|---|---|---|---|---|
| எஃப்.சி. காட்டி ஓட்டுவது | 20,000-க்கு மேல் போகும், 5 வருஷம் ஓடும் | இல்லை | வண்டியாகவே இருக்கும் | இரண்டு நாள் |
| விற்பது | வரவு அதிகம் | பேர் மாறாவிட்டால் மிக அதிகம் | வண்டியாகவே, ஓட்டம் கூடலாம் | பேரம், விண்ணப்பம் |
| காயலான் கடை | உடனே ரொக்கம் | அதிகம் | உதிரி அருமையாகத் திரும்பும், கழிவு மண்ணுக்கு | குறைவு |
| பதிவு பெற்ற மையம் | இரும்பு விலை, புதுக் கார் வாங்கினால் சலுகை | இல்லை | திரவம் பத்திரம், இரும்பு கம்பியாகும் | நடுத்தரம் |
| கிட் மாட்டுவது | செலவு மட்டும் | ஒப்புதல் இல்லாவிட்டால் உண்டு | கூடு மட்டும் மிஞ்சும் | அதிகம் |

கொளத்தூர்த் தம்பி விஷயம் இன்னும் முடியவில்லை. வருஷம் 9,000 ஓட்டுகிறான், பெட்ரோல், அடித்தட்டில் லேசாகத் துரு. கணக்கு நடுவில் நிற்கிறது. லிப்டில் ஏற்றி அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே போனால் மையத்துக்கு, போகாவிட்டால் எஃப்.சி.க்கு.

வண்டியைக் கொடுப்பதென்று முடிவாகிவிட்டால், எந்த வழியாக இருந்தாலும், சாவியைக் கொடுப்பதற்கு முன் நிலுவைச் சலான்களைப் பார்த்துக் கட்டுங்கள், கடன் பதிவு ஆர்.சி.யில் இன்னும் இருந்தால் வங்கிக் கடிதம் வாங்கி நீக்குங்கள், வண்டியை நாலு பக்கமும் ஓடோமீட்டரோடு படம் எடுங்கள், டேஷ்போர்டுக்குள் கிடக்கும் பழைய இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் ஆதார் நகலையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக்கை மறக்காதீர்கள். என் மாமா அதையும் சேர்த்தே கொடுத்திருப்பார், நல்லவேளை 2016-ல் அவரிடம் அது இல்லை.